அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் 'கரடி' கதையில் வரும் வேட்டை முகாம் நிஜத்தில் எங்கே இருக்கிறது? எப்படித் தேடுவது?

நீங்கள் ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றித்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கதையில் வரும் கற்பனை ஊரான ஜெஃபர்சன் நிஜத்தில் மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்ட், அவருடைய கற்பனை மாவட்டமான யோக்னபடாஃபா நிஜத்தில் லஃபயெட் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). ஆகவே முகாமும் அதற்குள்தான் இருக்கும் என்று தோன்றும். தேடல் வழிதவறுவது இங்கேதான்.

1936இல் வந்த 'அப்சலம், அப்சலம்!' நாவலுக்கு ஃபாக்னரே ஒரு வரைபடம் வரைந்தார். (மின்னூல்களில் அதை எழுத்துகூடத் தெரியாதபடி சுருக்கிப் போடுகிறார்கள். வரைபடத்துக்காகவே வாங்குகிறவனை யாரும் நினைப்பதில்லை. அச்சுப் பிரதியைப் பாருங்கள்.) அதில் வடமேற்கே, டாலஹாச்சி ஆற்றங்கரையில், 'கரடி' கதையில் வேட்டை முகாமுக்குச் சொந்தக்காரராக வரும் மேஜர் டி ஸ்பெய்ன் பின்னாளில் வாங்கிய மீன்பிடி முகாம் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய வரைபடத்தில் அந்தத் திசையில் போனால் சார்டிஸ் ஏரி வந்துவிடும். 1940இல் அணை முடிந்தபோது ஆற்றோரக் காடு நிறைய மூழ்கியது உண்மை. அதை வைத்து முகாமும் தண்ணீருக்குள் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

ஃபாக்னர் வேட்டைக்குப் போனது நண்பர் ஃபில் ஸ்டோனுடைய தந்தையின் முகாமுக்கு. அது மேற்கே, பக்கத்து பனோலா கவுண்டியில், பேட்ஸ்வில் அருகே இருந்தது. நிலமும் அதற்குத்தான் பொருந்துகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் மேடும் பள்ளமுமான நிலம். கதையில் வரும் சைப்ரஸ், கம் மரங்களும் நாணல் புதரும் தேங்கிய நீரும், பேட்ஸ்வில்லைத் தாண்டித் தொடங்கும், மிசிசிப்பி டெல்டா எனப்படும் வெள்ளச் சமவெளிக்கு உரியவை.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தொடங்க வேண்டாம். அணைக்குக் கீழே வெள்ளக் கால்வாய் வெட்டி ஆற்றுநீரின் போக்கையே மாற்றிவிட்டார்கள், காடும் பெரும்பாலும் வயலாகிவிட்டது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசம், அவற்றில் பழைய ஆற்று வளைவுகளைப் பாருங்கள். 1830களின் அரசு நில அளவைக் குறிப்புகள் அதைவிட உதவும். ஒவ்வொரு சதுரமைல் பிரிவின் மூலையிலும் நின்ற மரங்களை இனத்தோடு எழுதியிருப்பார்கள். பிறகு பத்திரப்பதிவு. பனோலாவுக்கு சார்டிஸ், பேட்ஸ்வில் என இரண்டு நீதிமன்றக் கட்டடங்கள், பதிவேடுகளும் தனித்தனி. சார்டிஸில் மட்டும் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பாதீர்கள். இரண்டிலும் விற்றவர், வாங்கியவர் அட்டவணைகளில் ஸ்டோன் என்ற பெயரைத் தேடுங்கள். பத்திரத்தில் தெரு, கதவு எண் இருக்காது. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து அளந்த டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்கள்தான் இருக்கும், அவற்றைப் பழைய வரைபடத்தில் பொருத்துங்கள்.

புனைவுக்கு ஏது முகவரி என்று இலக்கியம் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரைபடத்தின் ஆற்றங்கரை, பேட்ஸ்வில் பக்கத்துக் காடு என இரண்டு இடங்களை ஃபாக்னர் ஒன்றாக்கினார் என்பதை நானும் ஏற்கிறேன். ஒரே புள்ளியைக் காட்டி இதுதான் என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் எதை எங்கிருந்து எடுத்து எங்கே நட்டார் என்று பார்ப்பது வீண்வேலை இல்லை.

நேரில் போவதானால் உரிமையாளரிடம் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள், பெரும்பாலும் தனியார் நிலம். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது வேட்டைக்காரர்களே 500 சதுர அங்குல ஒளிர் நிறத் துணி அணிய வேண்டும் என்பது மிசிசிப்பி விதி.