வீதித் திட்ட முகாமையாளருக்கு மக்கள் தொடர்பு எதற்கு? ஆரையம்பதித் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்புக்குரிய ஐயா,

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், வீதி, பாலப் பணிகளில் திட்ட முகாமையாளராக வர விரும்பி, மக்கள் தொடர்புப் பயிற்சியொன்றில் சேரவிருப்பதாக எழுதி, "கணக்கும் கொங்கிறீற்றும் படித்த பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சேரட்டும் என்பதே என் கருத்து.

ஆலோசனைப் பணிக்கு வருமுன் நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வீதி வேலையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். மதகு கட்டுவதற்காக வீதியைக் குறுக்கே வெட்டினோம். அளவு, அனுமதி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அது பெரும்போக அறுவடை வாரம். விடிந்ததும் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் வெட்டின் ஓரம் வரிசையாக நின்றன. வானமும் இருட்டிக்கொண்டு வந்தது. வயோதிபர் ஒருவர் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் முன்னால் வந்து நின்று, "மகன், நேத்தே ஒரு சொல் சொல்லியிருந்தா நாங்க மத்தப் பாதையால போயிருப்பமே" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் பொறுப்பு எங்களில் எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

மக்கள் தொடர்பு என்றால் ஊடகங்களுக்குப் பேசுவது என்று எண்ண வேண்டாம். அரச பணியில் அதற்கு அதிகாரம் பெற்றவர் வேறு. முகாமையாளரின் வேலை அதற்கும் முந்தியது. வீதியை மூடும் நாளைக் கமக்காரர் அமைப்பிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்டபின் குறிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையைக் கணக்கில் எடுக்காமல் முடிவுத் திகதி சொல்லக் கூடாது. காணி விடயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் மும்மொழிகளிலும் அறிவித்தல் வைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தத் தாளைக் கண்டு கலங்கும் தாய்க்கு, எல்லை எங்கே வரும், கிணறு தப்புமா, பிரதேச செயலகத்தில் யாரைக் காண வேண்டும் என்பவற்றை அவரது முற்றத்திலேயே நின்று விளக்கும் பொறுமை முகாமையாளருக்கு வேண்டும்.

2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நாம் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றதால், பாலத்தின் பயனை எவரும் நமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டி முடியும்வரையான இடைஞ்சலைத்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மகள் இப்போதே சிங்களத்தில் சரளமாகப் பேசப் பழகட்டும். களப் பயிற்சியின்போது, முறைப்பாட்டுப் புத்தகத்தை எழுதும் வேலையைக் கேட்டுப் பெறட்டும். வீதி மூடல் பற்றி ஒரு பக்க அறிவித்தல் எழுதி உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த இடம் விளங்கவில்லையோ, அந்த இடத்தை அவர் திருத்தி எழுதட்டும்.