பதில்: வர்த்தக ஒப்பந்தத்தால் இசை நாடக மானியம் நின்றுபோகுமா?

வணக்கம் அண்ணா. வெளிநாட்டு ஒப்பந்தம் வந்தால் உங்கள் மேலூர் இசை நாடகக் குழுவுக்கு வரும் அரசு நிதி செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு எளிதில் நடக்காது.

உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக ஒப்பந்தத்தில், ஒரு நாடு தன் பட்டியலில் எழுதிக்கொடுத்த துறைகளில்தான் வெளிநாட்டாரையும் உள்நாட்டாரையும் சமமாக நடத்தும் கடமை வரும். மானியமும் அதில் அடங்கும். ஆனால் விலக்கு எழுதிவைக்கலாம். சிக்கல் வேறு வகை ஒப்பந்தங்களில்தான்: விலக்கியவை தவிர மற்றதெல்லாம் உள்ளே. அங்கே கலையை விலக்க மறந்தால் மறந்ததுதான்.

ஆகவே வதந்தியை விட்டுவிட்டு, வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒப்பந்தத்தின் சேவைப் பட்டியலைப் பாருங்கள். நாடகம், 'பொழுதுபோக்கு, பண்பாடு, விளையாட்டு' என்ற தலைப்பின் கீழ் வரும். சினிமாவோ தகவல் தொடர்புக்குள் இருக்கும். பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

யுனெஸ்கோவின் 2005 பண்பாட்டுப் பன்மை உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. அதைக் கேடயமாக நம்பிவிட வேண்டாம். பிற ஒப்பந்தக் கடமைகளை அது மாற்றாது என்று அதன் 20ஆம் பிரிவே சொல்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் கேட்டுப் பெறுவதுதான் நிற்கும். கனடா 1988இல் அமெரிக்காவிடம் பண்பாட்டு விலக்கு வாங்கியது. தென்கொரியாவோ 2006இல், அமெரிக்காவுடன் பேசத் தொடங்கும் முன்பே, உள்நாட்டுப் படங்களுக்கான கட்டாயத் திரையிடலை ஆண்டுக்கு 146 நாளிலிருந்து 73ஆகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது.

நீங்கள் கேள்விப்பட்டது எந்த ஒப்பந்தம்? பெயரைச் சொன்னால் பட்டியலைச் சேர்ந்தே பார்க்கலாம். பங்குனி நாடகங்களுக்கு முன்பணம் வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள்.