தேய்க்கத் தேய்க்க ஏன் கறுக்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். வயது 36. மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறேன். மாங்காய்ப் பால் பிசுக்கு போகவேண்டும் என்று தினமும் பீர்க்கங்காய் நாரால் கையை அழுத்தித் தேய்த்துக் குளிப்பேன். முகத்துக்கு வாரம் மூன்று தடவை சர்க்கரையும் எலுமிச்சையும். ஒரு வருஷமாக மேல்கையும் பின்கழுத்தும் கறுத்துக்கொண்டே போகின்றன, வெயிலில் போனால் கன்னம் எரிகிறது. தங்கை கிளைகாலிக் ஆசிட் சீரம் வாங்கித் தந்திருக்கிறாள். போடலாமா? வீட்டிலேயே இறந்த செல்லை எடுக்கப் பாதுகாப்பான வழி என்ன? 14 வயது மகளும் தனக்கு வேண்டும் என்கிறாள்.

பதில்: சகோதரி, நாரை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சர்க்கரை, எலுமிச்சையும் வேண்டாம். சீரத்தை இப்போதைக்குப் பிரிக்காமல் வையுங்கள்.

மேல்தோலின் அடியில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவை மேலே ஏறி, தட்டையாகி, செத்து, தானாக உதிரும். இளவயதில் இதற்குச் சுமார் நான்கு வாரம் ஆகும், வயது கூடும்போது இன்னும் மெதுவாகும். செத்த அடுக்கு என்றாலும் அது வீணானது இல்லை. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும் கிருமி உள்ளே வராமலும் காப்பது அதுதான். ஊறிய கையைத் தேய்க்கும்போது திரி திரியாக உருண்டு வருகிறதே, அதில் பெரும்பகுதி இந்த அடுக்குதான். போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காமல் படிகிற பிசுக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இன்றைக்குத் தேய்த்தாலும் வரும், நாளைக்குத் தேய்த்தாலும் வரும். அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துப் பலர் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் மாதிரி மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. உரசல், சூடு, புண், கொப்புளம் எது பட்டாலும் நிறமியை அதிகமாகச் சுரந்து பதில் சொல்லும். தினசரி உரசலில் நிறமி மேல்தோலோடு நிற்காமல் அடியிலும் இறங்கிவிடுகிறது. வருஷக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு அமிலாய்ட் என்ற புரதமும் தோலுக்குள் படியும். மேல்கை, முதுகின் மேற்பகுதி, கெண்டைக்கால் முன்புறம் ஆகிய இடங்களில் இது அதிகம். ஜன்னல் வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு ஒரே பூச்சாக இல்லாமல், காற்றடித்த மணலில் வரி விழுந்த மாதிரி அலை அலையாகத் தெரிந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நாரும் நைலான் வலையும் சொரசொரப்பான துண்டும் இதை வளர்க்கும். உரசலை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. மேலோட்டமான கறுப்பு சில மாதங்களில் மங்கும். புரதம் படிந்தது பிடிவாதமானது, முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆறே வாரத்தில் போக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பின்கழுத்துக் கறுப்பைத் தனியாகப் பார்க்கவேண்டும். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே கழுத்தில் தெரியலாம். அதை எந்த ஸ்க்ரப்பும் எடுக்காது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பாருங்கள், எடையும் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப் போகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வரும்போது கழுத்தும் மெல்லத் தெளியும்.

அப்புறம் மாங்காய்ப் பால். மாவும் முந்திரியும் ஒரே குடும்பத்து மரங்கள். மாங்காய்க் காம்பில் வடிகிற பாலிலும் தோலிலும் உள்ள சில பொருட்கள் பலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஏற்கெனவே நார் உரசிய கையில் பால் பட்டால் இன்னும் மோசம், அந்தப் புண் ஆறிய இடமும் கறுக்கும். பெங்களூரா ரக மாங்காய் கொட்டிக் குவியும் நாட்களில் முழங்கை வரை மூடும் கையுறை கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய பருத்திச் சட்டையின் முழுக்கை போதும். வீட்டுக்கு வந்ததும் பிசுக்குள்ள இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிசுக்கை எண்ணெய் கரைத்துவிடும், தேய்க்க வேலை இருக்காது.

முகத்துக்கு வருவோம். அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் தோலுக்குச் சுமார் 5, எலுமிச்சைச் சாறுக்கு 2க்குப் பக்கம். இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும், ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு. போதாததற்கு, எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். சாறு போட்டுவிட்டு வெயிலில் வேலைக்குப் போனால் கன்னம் எரியத்தான் செய்யும். சர்க்கரைப் பரலின் ஓரங்கள் கூரானவை, கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். சமையல் சோடா, உப்பு, காபிப் பொடி, ரவை எதுவும் முகத்துக்கு வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் தோலுக்கு ஓய்வு. மிதமான சூட்டில் தண்ணீர், முகத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ், உடம்புக்குக் கையாலேயே சோப்பு. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுவதும் காயும் முன் மாய்ஸ்சரைசர். கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம்.

எரிச்சல் முழுவதும் நின்ற பிறகு, வாரம் ஒருநாள் மட்டும், இரவில் செய்யுங்கள். பச்சைப்பயறு மாவை மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரிலோ தயிரிலோ கூழாகக் கரைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவினால் போதும். காயவிட்டு உரித்துத் தேய்க்கும் பழக்கம் கூடாது.

தங்கை தந்த சீரத்தில் உள்ள கிளைகாலிக் ஆசிட், இறந்த செல்லை உதிரவைக்கும் அமிலம். அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20, 30 என்று போட்டிருந்தால் அது மருத்துவர் நேரம் பார்த்துப் போட்டு எடுக்கவேண்டிய பீல் (தோலை உரிக்கும் பூச்சு), வீட்டில் தொடவே கூடாது. 10க்கு மேல் போகவேண்டாம். என்னைக் கேட்டால் உங்கள் தோலுக்கு 5 சதவீத லாக்டிக் ஆசிட் இன்னும் நல்லது. அதன் மூலக்கூறு சற்றுப் பெரியது, மெதுவாக உள்ளே போகும், எரிச்சல் குறைவு. எதுவானாலும் முன்கையின் உள்பக்கம் இரண்டு இரவு போட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால், கழுவித் துடைத்த முகத்தில் பட்டாணி அளவு போட்டு, மேலே மாய்ஸ்சரைசர். அன்றைக்கு வேறு ஸ்க்ரப், ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ க்ரீம், த்ரெட்டிங் எதுவும் சேர்க்காதீர்கள். இந்த அமிலங்கள் தோலை வெயிலுக்கு நலிய வைக்கும், நிறுத்தின பிறகும் ஒரு வாரம் வரை. எனவே சன்ஸ்க்ரீன் போட முடியாத வாரத்தில் சீரமும் வேண்டாம். லேசான குறுகுறுப்பு ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். எரிச்சல் அடங்காமல் நின்றால் தண்ணீர் விட்டுக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நீர் வடிந்தால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற 'சிவப்பாக்கும்' க்ரீம் வாங்காதீர்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் பளபளக்கும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் முடியும் வளரும். விட்டால் இன்னும் எரியும் என்பதால் விடவும் முடியாது.

மகளுக்கு இதில் எதுவும் தேவையில்லை. 14 வயதில் தோல் தானே வேகமாக உதிர்ந்து புதிதாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை முகம் கழுவச் சொல்லுங்கள். பரு இருந்தால் கிள்ளாமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவள் கழுத்தையும் அப்போதே காட்டிவிடுங்கள்.