முப்பது வருடம் நிறையுமுன் இளைப்பாறலாமா?

ரொறன்ரோவில் 31 வருடங்கள் கடித விநியோகத்தில் வேலை செய்து இளைப்பாறியவரும், தமது டிப்போவில் நீண்ட காலம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவருமான நமது பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எனக்கு 56 வயது. 1992 இல் கனடாவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் கனடா போஸ்டின் கடித விநியோகத்தராக ஓய்வூதியத் திட்டத்தில் 28 வருடங்கள் நிறைவடைந்துவிட்டன. கடந்த பெப்ரவரியில் ஒரு வீட்டின் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முழங்கால் முன்போல் இல்லை. 2024 இன் வேலைநிறுத்தம், அதன் பின் வீடுவீடாக விநியோகிப்பது முடிவுக்கு வரப்போகிறது என்று 2025 செப்டெம்பரில் வந்த அரசின் அறிவிப்பு, மறுபடியும் வேலைநிறுத்தம் என்று எல்லாம் சேர்ந்து மனமும் விட்டுப்போயிற்று. வருகிற வசந்தத்தோடு விலகிவிட நினைக்கிறேன். மனைவி பகுதிநேரமாக வேலை செய்கிறார், வீட்டுக் கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆட்களைக் குறைக்க, விலகுவோருக்கு ஒரு தொகையாகப் பக்கேஜ் கொடுப்பார்கள், அதுவரை பொறு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் முழங்கால், மனச்சலிப்பு, பணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே கையெழுத்தால் தீர்த்துவிட நினைப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. திட்டவட்டமான விடை உள்ளது பணத்துக்குத்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சேர்ந்த காலத்து உறுப்பினர் ஒருவருக்குக் கழிவில்லாத ஓய்வூதியம் கிடைக்க வேண்டுமானால், 60 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது 55 வயதைக் கடந்து 30 வருடச் சேவை இருக்க வேண்டும். உங்களுக்கு வயது போதும், சேவையில் இரண்டு வருடம் குறைகிறது. குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 5 வீதம் கழிப்பார்கள் என்பதால் இப்போது விலகினால் 10 வீதத்தை இழப்பீர்கள். 60 வயது வந்ததும் அந்தக் கழிவு நீங்கிவிடும் என்று எண்ணிக்கொண்டு விலகியவர்களை நான் கண்டிருக்கிறேன். அது நீங்காது, உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு மாதமும் கழியும்.

தொடர்ச்சியான சிறந்த ஐந்து வருடங்களில் உங்கள் சராசரிச் சம்பளம் 60,000 டொலர் என்றும், அது முழுவதும் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் (சி.பி.பி.) சம்பள உச்சவரம்புக்குள் அடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் அந்தச் சராசரியின் 2 வீதம் 65 வயதுவரை கிடைக்கும். அதில் 1.3 வீதம் ஆயுட்கால ஓய்வூதியம், மிகுதி 0.7 வீதம் 65 வயதில் நின்றுவிடும் பிரிட்ஜ் கொடுப்பனவு. இப்போது விலகினால் 28 வருடத்துக்கான 33,600 டொலரில் பத்து வீதம் கழிந்து வருடத்துக்கு 30,240 டொலர் வரும், 65 வயதுக்குப் பின் அது 19,656 டொலராகும். 30 வருடத்தை முடித்துக்கொண்டு விலகினால் 65 வயதுவரை 36,000 டொலர், அதன் பின் 23,400 டொலர். ஆக, இந்த இரண்டு வருடத்தின் பெறுமதி 65 வயதுவரை மாதம் 480 டொலர், பிறகு மாதம் 312 டொலர். இவை வரிக்கு முந்திய தொகைகள். விலைவாசியோடு சேர்ந்து ஓய்வூதியம் வருடாவருடம் கூடுவதால் இந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் வைத்தியர் வேலையை அடியோடு நிறுத்தச் சொல்லாதவரை 30 வருடத்தை முடியுங்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தையும் இப்போதைய ரூட்டில், இப்போதைய மாதிரியே நடந்து முடிக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நாங்கள் படி இறங்குகிற விதம் உங்களுக்கு நினைவிருக்கும். இடது முன்கையில் அடுக்கிய கடிதங்களை வலக்கை விரல்கள் பிரித்தெடுக்கும், கண் அடுத்த வீட்டின் இலக்கத்தைத் தேடும், கால் மட்டும் பழக்கத்தில் தானாகப் படியைத் தேடி இறங்கும். கைப்பிடியைப் பிடிக்க ஒரு கையும் மிச்சமிராது. முப்பது வயதில் அந்தக் காலுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐம்பத்தாறு வயதில், மெல்லிய பனி மூடிய கண்ணாடிப் பனியில், சப்பாத்தில் முள் மாட்டியிருந்தாலும் அது ஆபத்து. இதை உங்களிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வந்தது வேறு: 28 வருட மூப்பு என்பது கையில் இருக்கிற பணம் போன்றது, அதை நீங்கள் இன்னும் செலவழிக்கவில்லை. அடுத்த முறை ரூட்டுகளைத் தெரிவு செய்யும்போது, பழகிய தெருக்களையும் வருடப் பிறப்புக்கு அன்பளிப்புத் தருகிற வீடுகளையும் விட்டுவிட்டு, அடுக்குமாடிக் கட்டடங்களோ சமூகத் தபால்பெட்டிகளோ அதிகமாக உள்ள ரூட்டை எடுங்கள். அங்கே ஓரிடத்தில் நின்று நூற்றுக்கணக்கான முகவரிகளை முடிக்கலாம். ஏறக்குறைய 40 இலட்சம் முகவரிகளுக்கு நடக்கும் வீட்டுவாசல் விநியோகம் சமூகப் பெட்டிகளுக்கு மாறப்போகிறது என்ற அறிவிப்பு தொழிற்சங்கத்துக்குப் பேரிடி, எனக்கும் அதில் வேதனைதான். இருந்தாலும் உங்கள் முழங்காலைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட ரூட்டே உகந்தது.

விடுமுறையையும் பாருங்கள். ஒப்பந்தப்படி 28 வருடம் முடித்தவருக்கு ஏழு கிழமை வருடாந்த விடுமுறை உண்டு. இளைப்பாறலுக்கு முந்திய விடுமுறை உங்களுக்கு ஏதும் மிச்சமிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். மூப்பு உள்ளவர்கள் எல்லோரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு எழுதுவதையே நான் கண்டிருக்கிறேன். நீங்கள் பெரும்பகுதியை ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வையுங்கள். மிகக் கொடிய வாரங்களில் தெருவில் நிற்காமலே இரண்டு குளிர்காலமும் கழிந்துவிடும்.

விழுந்த அன்றைக்கு மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அறிவித்தீர்களா, வேலையிடக் காயங்களுக்கு நட்டஈடு தரும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. சபையில் கோரிக்கை போட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால் இந்தக் கிழமையே தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள். முழங்கால் நிலைமையை வைத்தியர் எழுத்தில் தந்தால், உங்கள் உடலால் முடிகிற அளவுக்கு வேலையை மாற்றித் தர வேண்டிய சட்டக் கடமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. நம்மவர்கள் பலர் இதைக் கேட்பதை ஒரு குறைவாக நினைக்கிறார்கள், கேட்காமலே விலகல் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். விலகல் கடிதம் ஏற்கப்பட்ட பிறகு மூப்பும் போய்விடும், அந்தக் கடமையும் முடிந்துவிடும்.

பக்கேஜ் பற்றி: வராத ஒன்றுக்காகத் திகதியைத் தள்ளிவைக்காதீர்கள், வந்தால் அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டாம். மேலே சொன்ன வித்தியாசத்தை 58 இலிருந்து 85 வயதுவரை கூட்டிப் பாருங்கள். 65 வரை 40,320 டொலர், அதன் பின் 74,880 டொலர், மொத்தம் 115,200 டொலர். ஒரு வருடச் சம்பளத்தை ஒரேயடியாகக் கையில் தருகிறோம் என்றால் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் அதை இந்தத் தொகையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் உழைக்காமல் விடுகிற இரண்டு வருடச் சம்பளத்தையும் மறக்கக் கூடாது. கேட்க வேண்டிய முதற் கேள்வி, அந்த 10 வீதக் கழிவை நீக்குவீர்களா என்பதே.

இன்னொன்று. நிரந்தரமாவதற்கு முன் தற்காலிக ஊழியராக எத்தனை மாதங்கள் வேலை செய்தீர்கள்? எங்கள் காலத்தில் வந்தவர்களில் அநேகமானோர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தோம். அந்தக் காலத்தையோ சம்பளமற்ற விடுப்பில் நின்ற காலத்தையோ காசு கட்டிச் சேவையில் சேர்க்க முடியுமா என்று ஓய்வூதிய நிலையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். முடியுமானால் உங்கள் 30 வருடம் நீங்கள் நினைப்பதைவிட முந்தி வரக்கூடும்.

வீட்டுக் கடன் நான்கு வருடம், வேலை இரண்டு வருடம் என்றால் ஓய்வூதியத்தில் நின்று கடன் கட்டப்போவது இரண்டு வருடம் மட்டுமே. உங்கள் ஓய்வூதியத்தில் பாதிவரை மனைவியின் வருமானமாகக் காட்டி வரியைக் குறைக்கலாம், இந்தத் தொழில் ஓய்வூதியத்துக்கு அதற்காக 65 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கை மனைவியையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: ஏஜக்ஸ் பகுதியில் சொந்த வாகனத்தில் தபால் விநியோகிக்கும் கிராமப்புற, புறநகர் விநியோகத்தர் நான். வயது 60. 1995 இல் கனடாவுக்கு வந்தேன், 2004 ஜனவரியிலிருந்து திட்டத்தில் இருக்கிறேன். 65 வரை பொறுத்தால்தான் முழுப் பென்சன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விலகி, வருடத்தில் பாதியாவது யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருக்க ஆசை.

பதில்: அன்பின் சகோதரி, ஒப்பந்தக்காரர்களாக நடத்தப்பட்ட நீங்கள் 2004 இல்தான் ஊழியர்களானீர்கள், சம்பளச் சமத்துவத் தீர்ப்பு வந்ததோ 2018 இல். அவ்வளவு பிந்திக் கிடைத்த ஓய்வூதியத்தை எடுக்க இன்னும் ஐந்து வருடம் பொறுக்கச் சொல்பவர்கள் வேறு ஏதோ கணக்கைச் சொல்கிறார்கள். 60 வயதில் உங்களுக்குக் கழிவே இல்லை. மேலும் ஒரு வருடம் வேலை செய்தால் சராசரிச் சம்பளத்தில் 2 வீதம் ஓய்வூதியத்தில் கூடும், ஆனால் அந்த வருடத்து ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்துத்தான் அதைப் பெறுகிறீர்கள். வீட்டுச் செலவுக்கு அது தேவையில்லை என்றால் போகலாம்.

யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கவனமாக இருங்கள். ஓ.ஏ.எஸ். எனும் முதியோர் ஓய்வூதியம் உழைப்பைப் பார்ப்பதில்லை, 18 வயதுக்குப் பின் கனடாவில் வசித்த வருடங்களையே பார்க்கிறது. முழுத்தொகைக்கு 40 வருடம் வேண்டும். 2030 இல் 65 வயதாகும்போது உங்களுக்கு 35 வருடம் இருக்கும், 40 இல் 35 பங்கு கிடைக்கும். அதற்குள் குடியிருப்பையே ஊருக்கு மாற்றிக்கொண்டால் அந்த வருடங்கள் கணக்கில் வரா. 20 வருடம் வசித்துவிட்டதால் பிற்காலத்தில் வெளிநாட்டில் இருந்தாலும் ஓ.ஏ.எஸ். நிற்காது, ஆனால் குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான ஜி.ஐ.எஸ். உதவித்தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது இங்கே இருக்க வேண்டும். ஆகவே பாதி வருடம் என்ற உங்கள் எண்ணம் சரியானதே, விமானச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: 60 வயதில் சி.பி.பி. எடுத்தால் பிரிட்ஜ் கொடுப்பனவு நின்றுவிடுமா? கணவருக்கு 58 வயது, 30 வருடத்தோடு விலகிவிட்டார்.

பதில்: நிற்காது. முன்கூட்டியே சி.பி.பி. எடுத்தாலும் பிரிட்ஜ் 65 வயதுவரை வரும். சி.பி.பி. ஊனக் கொடுப்பனவு கிடைத்தால்தான் அதற்கு முன் நிற்கும். ஆனால் 60 இல் எடுத்தால் சி.பி.பி. மாதத்துக்கு 0.6 வீதமாக மொத்தம் 36 வீதம் குறையும், 70 வரை தள்ளினால் 42 வீதம் கூடும். அவர் இருபதுகளில் நாட்டுக்கு வந்தவரானால் இன்னொன்றையும் பாருங்கள்: சி.பி.பி. கணக்கு எங்கே இருந்தாலும் 18 வயதிலிருந்து ஓடத் தொடங்குகிறது, மிகக் குறைந்த வருமானமுள்ள 17 வீதக் காலத்தை மட்டுமே நீக்குகிறது. வருவதற்கு முந்திய வெற்று வருடங்கள் அதில் பெரும்பங்கை ஏற்கெனவே எடுத்துவிட்டன, 58 க்குப் பிந்திய வெற்று வருடங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். சேர்விஸ் கனடாவின் கணக்கில் 65 வயதுக்கு என்று காட்டியிருக்கும் தொகை அவர் வழமைபோல் உழைத்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. உண்மைத் தொகை அதைவிடக் குறையும். 60 வயதுக்கும் 65 வயதுக்குமான இரு தொகைகளையும், இனிமேல் சம்பள வருமானம் இல்லை என்று சொல்லி, மறுபடி கணக்கிட்டுத் தரும்படி கேட்ட பின்னர் விண்ணப்பியுங்கள்.