கடலோர வீட்டில் ரைபிள்: குழலில் படியும் செம்பை எந்தக் கரைப்பானால் நீக்குவது?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தந்தையிடமிருந்து வந்து, இப்போது தம் பெயரில் உரிமம் பெற்ற .30-06 ரைபிளைப் பயிற்சித் தளத்தில் மட்டும் சுட்டுப் பழகுகிறார். சில மாதங்களாகக் குண்டுகள் இலக்கில் சிதறி விழுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் குழலின் முன்வாய் அருகே செம்பு நிறக் கீற்றுகள் தெரிகின்றன. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எத்தனை முறை இழுத்தாலும் அவை போகவில்லை. ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் உறவினர் அம்மோனியா தருவதாகச் சொல்கிறார். நண்பர் ஒருவர் பிராசோ போடச் சொல்கிறார். துப்பாக்கிக் கடையிலோ அம்மோனியா கலந்தது, கலக்காதது என இரண்டு வகைக் கரைப்பான்கள் இருக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பது அவருடைய கேள்வி.

அம்மோனியா கலக்காததை வாங்குங்கள். அது மற்றதைவிட வலிமையானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீடு இருக்கும் இடத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

தோட்டாவின் குண்டுக்கு மேலுறையாக இருப்பது பெரும்பாலும் செம்பில் ஐந்து முதல் பத்து விழுக்காடு துத்தநாகம் கலந்த உலோகம். குண்டு குழலின் சுருள் பள்ளங்களை அழுத்திக்கொண்டு பாயும்போது அந்த மேலுறை சிறிது சிறிதாக எஃகின்மேல் பூசப்படுகிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இதனால் வரும் தொல்லை குறி தவறுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். கடலோரத்தில் அப்படி நிற்பதில்லை. செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்துவிட்டால் அது மின்கலம் போலச் செயல்படத் தொடங்கும். அதில் அரிக்கப்படுவது எப்போதும் இரும்புதான். செம்புக் கீற்றின் ஓரத்திலும் அடியிலும் எஃகு குழிவிழுவது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். இந்தக் கரையின் காற்று உலோகத்தை எப்படித் தின்னும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். ஆகவே இங்கே செம்பை நீக்குவது குறிக்காக மட்டுமல்ல, குழலின் ஆயுளுக்காகவும்தான். நீக்கிய பிறகு கரைப்பானில் ஒரு சொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

வீட்டில் கிடைப்பவற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரியில் ஒரு பகுதியையும் இளக்கும். செம்பை அவை தொடுவதே இல்லை. புளி போட்டால் செம்புக் குடம் பளிச்சென்று ஆகிறதே என்று சிலர் கேட்பார்கள். புளியின் அமிலம் கரைப்பது குடத்தின்மேல் படிந்த களிம்பையே தவிரச் செம்பை அல்ல. அதனால்தான் குடம் தேயாமல் மின்னுகிறது. அதே அமிலம் குழலுக்குள் போனால் செம்பு அப்படியே நிற்க, எஃகைத்தான் அரிக்கும். வெளிப்புறத்தின் கருநீலப் பூச்சையும் எடுத்துவிடும். வினிகருக்கும் எலுமிச்சைக்கும் இதுவே பொருந்தும். வினிகரோடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலக்கும் முறை செம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கலவை எஃகையும் விட்டுவைக்காது. குத்துவிளக்குக்குப் போடும் பிராசோவில் அம்மோனியா இருந்தாலும், வேலையின் பெரும்பகுதியைச் செய்வது அதிலுள்ள தேய்ப்புத் தூள். தேர்ந்த கை எப்போதாவது அதைப் பயன்படுத்தலாம், வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

ஐஸ் கம்பெனி அம்மோனியாவை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது நீர் கலக்காத அம்மோனியா. மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூச்சில் ஏறினால் நுரையீரல் வெந்துவிடும். கரைப்பானில் இருக்கும் அம்மோனியா நீரில் சில விழுக்காடு அளவே கரைந்தது. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

அம்மோனியா கரைப்பான்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பின் மேற்பரப்பைத் தாக்க, அம்மோனியா அதைப் பற்றிக்கொண்டு ஆழ்ந்த நீல நிறக் கரைசலாக மாற்றுகிறது. காற்று தேவை என்பதால் குழலை அடைத்து முழுக்க நிரப்பி வைப்பதைவிட, மெல்லிய ஈரப் படலமாகப் பூசி விடுவதே விரைவாகப் பலன் தரும். ஆஸ்திரேலியாவின் ஸ்வீட்ஸ் 7.62 இந்த வகையில் பெயர்பெற்றது; 15 நிமிடத்துக்கு மேல் அதைக் குழலில் விடக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் எனக்குத் தயக்கம் தருகிறது. நடுவில் யாராவது வந்துவிட்டால், கரண்ட் போய்விட்டால், அம்மோனியா ஆவியாகி எஞ்சிய நீர் எஃகின்மேல் தங்கிவிடும். தவிர, நம் வெயிலில் மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து அம்மோனியா போய்விடும். அடுத்த முறை துணியில் நீலம் வராததைப் பார்த்துக் குழல் சுத்தமாகிவிட்டது என்று ஏமாறுவோம். மரக் கட்டையின் பாலிஷையும் அது கெடுக்கும். பல ஆண்டுச் செம்பு கெட்டியாக ஏறிய குழலுக்கு, ஜன்னல்களைத் திறந்து, கையுறை போட்டு, பக்கத்திலேயே நின்று ஒருமுறை பயன்படுத்துவதில் தவறில்லை. வேறெந்தக் கரைப்பானோடும், குறிப்பாக பிளீச்சிங் பவுடர் கரைசலோடு, அதைக் கலக்கவே கூடாது; நச்சுவாயு கிளம்பும்.

அம்மோனியா கலக்காத வகையில் போர் டெக் எலிமினேட்டர் போன்ற திரவங்களும் வைப்-அவுட் போன்ற நுரைகளும் உண்டு. இவை மெதுவாக வேலை செய்யும். பலமுறை போட வேண்டியிருக்கும். ஆனால் நெடியில்லை, சில நிமிடம் கூடிப்போனாலும் குழலுக்குக் கேடில்லை. நுரையை இரவு முழுக்க விடலாம் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலோர வீட்டில் அதற்கு நான் உடன்பட மாட்டேன். மாலையில் போட்டுப் படுக்குமுன் துடைத்துவிடுங்கள். கேஜி-12 என்ற கரைப்பானை வாங்கினால் அதில் நீலம் தோன்றாது என்பதை நினைவில் வையுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்து, அந்த அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கவும். திரவம் டிரிக்கர் பக்கம் வழியாதபடி முன்வாய் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். துணியையும் பிரஷையும் தள்ளும் ராடு பின்வாயிலிருந்தே நுழைய வேண்டும். முன்வாயின் விளிம்பு சிறிது தேய்ந்தாலும் குறி கெடும். செம்பின்மேல் கரி படிந்திருப்பதால் சாதாரணக் கரைப்பானால் கரியை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் செம்புக் கரைப்பான் செம்பைச் சென்று சேராது. பிறகு நைலான் பிரஷால் பூசிப் பத்து நிமிடம் பொறுத்து, துணித் துண்டைத் தள்ளுங்கள். வெண்கலப் பிரஷோ பித்தளை ராடு முனையோ கூடாது. கரைப்பான் அவற்றையே கரைத்துத் துணியை நீலமாக்கும், நீங்கள் இல்லாத செம்பைத் தேடி மாலை முழுவதும் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். முதல் துணியின் நடுவில் கரும்பச்சையும், சுருள் பள்ளங்கள் பதிந்த வரிகளில் மயில்கழுத்து நீலமும் தெரியும். அடுத்தடுத்த துணிகளில் வரி வெளுத்துக்கொண்டே வரும். ஏறக்குறைய வெள்ளையானதும் நிறுத்திவிடலாம். குழலின் நுண்ணிய சொரசொரப்பில் தங்கும் மெல்லிய செம்புச் சாயல் குறியைக் கெடுப்பதில்லை. முழுக்கச் சுரண்டி எடுத்த குழல்தான் முதல் சில குண்டுகளைத் தாறுமாறாக வீசும்.

கையிலுள்ள தோட்டாக்கள் மிகப் பழையவையாக இருந்தால், அவற்றின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கலாம். அது எரிந்து விட்டுச்செல்வது ஒருவகை உப்பு. எண்ணெய் சார்ந்த எந்தக் கரைப்பானிலும் அது கரையாது. அத்தகைய தோட்டாவைச் சுட்ட அன்றே சுடுநீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்திவிட்டுத்தான் மற்ற வேலை.

நீங்கள் வாங்கும் கரைப்பான் நீர் சார்ந்தது என்பதால் உலர்ந்த துணி ஈரமின்றி வெளிவரும் வரை துடைத்து, அதே மாலையில் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். சுடப்போகும் நாளில் அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே தோட்டா போடவும். தோல் உறையிலும் பஞ்சு வைத்த பெட்டியிலும் ரைபிளை வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு நிறுத்தி, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை குழலைப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; வாரக்கணக்கில் உங்களால் அதைத் தொட முடியாது. ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் செம்பையும் கரைப்பானையும் முழுக்க நீக்கி, எண்ணெயை வழக்கத்தைவிடச் சற்றுத் தடிமனாகப் பூசிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் இழுத்து, பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.