கேம்ப்சைட்டுக்கு இ-ஸ்கூட்டர் கொண்டுபோகலாமா?

தம்பி, பிரிட்டனுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, குடும்பத்தோடு வேல்ஸில் கேம்பிங் போகிறோம், புதிதாக வாங்கிய, நின்றுகொண்டு ஓட்டும் இ-ஸ்கூட்டரையும் பையனுடைய பேட்டரி பொம்மை ஜீப்பையும் கொண்டுபோகலாமா, எந்த டென்ட் வாங்கலாம், எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். டென்ட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கடற்கரையை உங்கள் மனைவி பார்த்துக்கொள்ளட்டும். என்னை உறுத்துவது அந்த ஸ்கூட்டர்தான்.

இந்த நாட்டில் ஒரு வேடிக்கை. இ-ஸ்கூட்டர் வாங்கத் தடையே இல்லை, வாங்கியதை ரோட்டில் இறக்கினால்தான் குற்றம். 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வண்டி. அப்படியென்றால் காருக்குப் போல இன்ஷூரன்ஸ் வேண்டும். சொந்த ஸ்கூட்டரை ரோட்டில் ஓட்ட அந்த இன்ஷூரன்ஸ் கிடைக்காது. சரி, நடைபாதையில் ஓட்டிக்கொள்கிறேன் என்றால் அதற்கு 1835-லேயே தடை போட்டுவிட்டார்கள். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது. நகரங்களில் வாடகை ஸ்கூட்டர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது 2020 ஜூலையில் இங்கிலாந்தின் சில ஊர்களில் மட்டும் அரசாங்கம் ஆரம்பித்த சோதனை ஓட்டம், இன்ஷூரன்ஸை வாடகைக்கு விடும் கம்பெனியே எடுத்திருக்கும். நீங்கள் போகிற வேல்ஸில் அதுவும் கிடையாது.

பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. வண்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். 300 பவுண்டு போனால் போகிறது, அந்த 6 புள்ளிதான் புதிதாக வந்தவர்களின் குடியைக் கெடுக்கும். நம் இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். மாற்றித் தர மாட்டார்கள், முதலிலிருந்து தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கிய இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸ் ரத்து, மறுபடி எழுத்துத் தேர்வில் போய் நிற்க வேண்டும். ப்ரொவிஷனல், அதாவது பழகுநர் லைசென்ஸ் காலத்தில் வாங்கிய புள்ளியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். குற்றம் நடந்த நாளிலிருந்து நான்கு வருடம் அது பதிவில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கார் இன்ஷூரன்ஸ்காரன் சொல்லும் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

"போலீஸ் ஒன்றும் கேட்காது, நான் தினமும் ஓட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் தைரியம் சொல்கிற அண்ணன்மார் இருக்கிறார்கள் பாருங்கள், அவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து இருபது வருடம் ஆகி, லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு 6 புள்ளி என்பது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அதே 6 புள்ளி டெலிவரி வேன் ஓட்டிப் பிழைக்கலாம் என்று வந்த பையனுக்கு விழுந்தால் வேலையே இல்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. ஸ்கூட்டரை விற்றவரே நம் ஆள்தான், விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேம்ப்சைட் தனியார் நிலம்தானே, உரிமையாளர் சரி என்றால் போதாதா? பாதி உண்மை. நில உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் ஓட்டலாம் என்பதுதான் விதி. ஆனால் காரில் இழுத்துப்போகும் வீட்டு வண்டிகள் நிற்கும் காரவான் பார்க்குக்குள் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவருடைய வழக்கில், பணம் கட்டிப் பொதுமக்கள் வந்து தங்கும் அந்த இடமும் பொது இடம்தான் என்று 1991-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2000-லிருந்து இன்ஷூரன்ஸ் கட்டாயமும் ரோட்டோடு நிற்பதில்லை, பொது இடங்களுக்கும் சேர்த்துத்தான். ஆக, கேம்ப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் தலையாட்டிவிட்டார் என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பல இடங்களில் வார்டன் தலையாட்டவும் மாட்டார். அதில் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் டென்ட் கயிறு கண்ணுக்கே தெரியாது. முழங்கால் உயரத்தில் சாய்வாக இறங்கி ஆணியில் முடிந்திருக்கும். ஸ்கூட்டருக்கு இருப்பதோ ஒரு சாண் அளவுச் சக்கரம். ஈரப் புல்லில் வழுக்கி அந்தக் கயிற்றில் மாட்டினால் ஓட்டுபவன் ஒரு பக்கம், டென்ட் ஒரு பக்கம். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். கார்களுக்கே மணிக்கு 5 மைல் என்று பலகை வைத்திருக்கிற இடம் அது. அப்புறம் பேட்டரி. டென்ட்டுக்கு டென்ட் 6 மீட்டர் இடைவெளி விடச் சொல்வதே தீ பரவாமல் இருக்கத்தான். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது லேசில்லை. லண்டனில் ரயில்களிலும் பேருந்துகளிலும் இ-ஸ்கூட்டரே ஏற்றக்கூடாது என்று 2021 டிசம்பரில் தடை போட்டார்கள், காரணம் இந்தத் தீதான். டென்ட்டுக்குள் அதை சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பையனுடைய ஜீப் பெரிய விஷயமில்லை. நடக்கும் வேகத்தில் போகிற 12 வோல்ட் வண்டிதானே. சில இடங்களில் அதையும் விட மாட்டார்கள், புக் செய்யும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விட்டாலும் புல்லில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும், நீங்கள்தான் தள்ள வேண்டும். பெடல் உள்ள மின் சைக்கிள் என்றால் 250 வாட் மோட்டார், மணிக்கு 15.5 மைல் வேகம் என்ற வரம்புக்குள் இருந்து, ஓட்டுபவருக்கு 14 வயதும் ஆகியிருந்தால் ரோட்டிலேயே ஓட்டலாம்.

உங்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. நான் வந்த புதிதில் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட். வேலை முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். லாரிகள் வாரியடிக்கும் தண்ணீரில் நனைந்தபடி ரோட்டோரமாக நடந்து வருவேன். அப்போது இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன். இல்லாததால் பக்கத்து வீட்டுக் கிழவரின் பழைய சைக்கிள் கிடைத்தது. செயின் போடவும் டியூப் ஒட்டவும் அவரே சொல்லித் தந்தார். மழையில் டென்ட் போடுவதையும் அவரிடம்தான் கற்றேன், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு முதல் ஆணியை அடிக்க வேண்டுமாம். இன்று என் பிள்ளைகளுக்கு நான் வாத்தியார். நம் ஆட்கள் சிலர் கேம்பிங் என்று கிளம்பி, ஸ்பீக்கரை அலறவிட்டு, ராத்திரி பதினொன்றுக்கு வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது, அந்தக் கிழவரிடம் இவர்களையும் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றும்.

டென்ட் கேட்டீர்களே, பெட்டியில் நான்கு பேர் என்று போட்டிருந்தால் இரண்டு பேரும் அவர்களுடைய பைகளும் என்று அர்த்தம். ஆறு பேர் டென்ட்டாகப் பாருங்கள்.