திரைக்கதை எழுதி இயக்க விரும்பும் மகளுக்காக ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள், மெக்சிகோவின் மரியா நோவாரோவைப் போலத் தானே எழுதி இயக்குபவராக வேண்டும் என்று உறுதியாக இருப்பதாகவும், ‘இந்தத் துறையில் ஒரு பெண் பிழைக்க முடியுமா’ என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முன்மாதிரியை அவளே தேர்ந்தெடுத்துவிட்டதால், அந்த வாழ்க்கையை ஆண்டுக்கணக்கோடு பார்ப்பதே உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நோவாரோ 1951இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். அவர் முதலில் படித்தது சமூகவியல். பெண்களின் வாழ்க்கை குறித்த ஆய்வுகளும், பெண்கள் சேர்ந்து ஆவணப்படங்கள் எடுத்த ஒரு குழுவுடன் கிடைத்த பழக்கமும்தான் அவரைத் திரைப்படக் கல்வியின் பக்கம் திருப்பின. அதன் பிறகே மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் 1963இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். குறும்படங்கள் எடுத்தார், பிறர் படங்களில் உதவி இயக்குநராக இருந்தார். முதல் முழுநீளப் படமான ‘லோலா’ 1989இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 38. நிலநடுக்கத்தின் சிதைவுகள் மறையாத மெக்சிகோ நகரத் தெருக்களில் துணி விற்றுக்கொண்டு, தனியாக மகளை வளர்க்கும் ஓர் இளம் தாயின் கதை அது. ஒரு நகரத்தின் பிழைப்பை அவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் கண் சமூகவியல் படித்த ஆண்டுகளில் பழகியது என்றே நான் கருதுகிறேன். ஆகவே, முதலில் வேறொரு பட்டம் என்று நீங்கள் சொல்வதை மகள் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்களும் அதை அவள் ஆசையைத் தள்ளிப்போடும் உபாயமாகக் கையாளக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ‘தான்சோன்’, கேன் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு, அவர் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்றது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், திடீரென்று காணாமற்போன தன் நடனத் துணையைத் தேடித் துறைமுக நகரமான வெராக்ரூஸுக்குப் போவதுதான் கதை. இந்தப் படத்தையும் ‘லோலா’வையும் அவர் தம் சகோதரி பெயாட்ரிஸுடன் சேர்ந்து எழுதினார். எழுத்தில் நம்பிக்கையான ஒரு துணை கிடைப்பது இந்தத் தொழிலில் பெரும் பலம் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தனித்த மேதையின் உருவமே அவர்கள் கண்ணை நிறைத்துவிடுகிறது.

இனி, பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அவருடைய அடுத்த முழுநீளப் படங்கள் வந்த ஆண்டுகள் 1994, 2000, 2010, 2017. உலக விழா ஒன்றில் கவனம் பெற்ற இயக்குநருக்கே படத்துக்கும் படத்துக்கும் இடையில் ஆறு, பத்து, ஏழு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. மெக்சிகோவில் இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் அரசின் நிதியையும் வரிச்சலுகையையும் நம்பியே எடுக்கப்படுகின்றன. திரைக்கதை தயாரானாலும் பணம் திரட்டவே ஆண்டுகள் ஓடிவிடும். எனவே ‘வாய்ப்புக் கிடைக்குமா’ என்பதைவிட, ‘ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எதைச் செய்து வாழ்வாய்’ என்று மகளிடம் கேளுங்கள். கற்பித்தல், படத்தொகுப்பு, பிறருக்காக எழுதுதல், பண்பாட்டு நிறுவனங்களில் நிர்வாகம் என்று பதில் பலவாக இருக்கலாம். நோவாரோவே 2018இல் மெக்சிகோவின் அரசுத் திரைப்பட நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார்.

இந்தக் கேள்விக்கு, மெக்சிகோவின் மற்றொரு பெண் இயக்குநரான ஈசா லோபெஸ் வேறொரு விடை தருகிறார். தொல்லியல் படிக்கப் போனவர், திரைப்படத்துக்கு மாறி, மெக்சிகோவின் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியே தொழிலைப் பழகினார். 2006இல் முதல் படம், 2017இல் உலகின் கவனத்தை ஈர்த்த திகில் படம், 2024இல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தின் ஆறு பகுதிகளையும் இயக்கும் பொறுப்பு என்று அவர் வழி நீண்டது. சீரியலுக்கு எழுதுவது தரக்குறைவு என்று உங்கள் மகள் நினைத்தால், தவணை தவறாமல் எழுதும் பயிற்சி அங்கேதான் சம்பளத்தோடு கிடைக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவில் 1940களிலேயே படம் இயக்கிய மத்தில்தே லாந்தேத்தா, படப்பிடிப்பில் காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து, தொழிற்சங்கத்தின் எதிர்ப்பைத் தாண்டி உதவி இயக்குநரானவர். 1948 முதல் 1951 வரை மூன்று படங்கள் எடுத்தார். பிறகு அவர் எழுதிய ஒரு கதை 1956இல் வேறொருவரின் இயக்கத்தில் படமாகி, அந்தக் கதைக்கு அந்நாட்டின் ஏரியல் விருதும் கிடைத்தது. ஆனால் அவர் தம் நான்காவது முழுநீளப் படத்தை இயக்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த அநீதியை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. எழுதியதைப் பதிவுசெய்யாமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது, இயக்கும் உரிமையை வாய்ச்சொல்லில் விடக் கூடாது என்பதை உங்கள் மகள் முதல் திரைக்கதையிலிருந்தே பழகட்டும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் அதற்கு வழி இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புனே திரைப்பட நிறுவனத்தின் இயக்கம், திரைக்கதைப் படிப்பில் சேர ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் தேவை. ஆகையால் சமூகவியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் அவளுக்குப் பிடித்த ஒன்றில், விடுமுறைகளில் எழுதவும் குறும்படம் எடுக்கவும் இடம்தரும் ஒரு கல்லூரியில் அவளைச் சேர்த்துவிடுங்கள். தனியார் திரைப்படப் பள்ளிக்காகப் பெருங்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டப்படிப்பு முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். கல்லூரி திறப்பதற்குள் பத்து நிமிடப் படத்துக்கான திரைக்கதை ஒன்றை அவள் முடிக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எந்தப் பாடத்தைத் தேர்வது என்பதை அந்தத் தாள்களைப் பார்த்துப் பேசி முடிவுசெய்வோம்.